திரில்லர் டிரெய்லர் பதற வைப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

திரில்லர் பட டிரெய்லர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

25 நிமிடத்தில் ஒரு திரில்லர் குறும்படம் எடுத்திருக்கிறோம். டிரெய்லர் 1 நிமிடம் 50 விநாடி. படத்தில் உள்ள நல்ல ஷாட்டுகளையெல்லாம் சேர்த்துவிட்டோம். பார்த்தவர்கள் எல்லோரும் “நல்லா இருக்கு” என்கிறார்கள். ஆனால் யாருக்கும் படபடப்பு வரவில்லையாம். எங்கே தவறு?
– குறும்பட இயக்குநர், மதுரை

நல்ல ஷாட்டுகளையெல்லாம் சேர்த்ததில்தான் தவறு. எடிட்டிங் டைம்லைனை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். டிரெய்லர் முடிகிறபோது பார்ப்பவர் மனதில் நிற்க வேண்டிய கேள்வியை அதில் ஒரே வரியில் எழுதுங்கள். அந்தக் கேள்வி உங்களுக்கே தெளிவாக வரவில்லை என்றால் டிரெய்லரிலும் வராது.

ஒரு கதையை வைத்துப் பார்ப்போம். இரவுப் பணியில் தனியாக இருக்கிறார் ஒரு நர்ஸ். ஒரு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் வார்டிலிருந்து அழைப்பு மணி அடிக்கிறது. “பூட்டிய வார்டில் மணி அடிப்பது யார்?” என்பதுதான் கேள்வி. இனி உங்கள் ஷாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இந்தக் கேள்வியை அது கூர்மையாக்குகிறதா, இதற்குப் பதில் சொல்கிறதா, இரண்டும் இல்லையா என்று பாருங்கள். இரண்டும் இல்லாதது எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். பதில் சொல்லும் ஷாட்டுகளில் ஒன்றிரண்டு போதும், அதுவும் பாதிப் பதிலாக. அந்தப் பாதிப் பதில் இன்னும் மோசமான கேள்வி ஒன்றைக் கிளப்ப வேண்டும். நர்ஸ் கதவைத் திறக்கிறார். உள்ளே யாரும் இல்லை. ஆனால் கட்டிலில் விரிப்பு அன்றைக்குத்தான் மாற்றியதுபோல இருக்கிறது. “யார்?” என்று கேட்டுக்கொண்டிருந்தவர் இப்போது “எத்தனை நாளாக?” என்று கேட்கத் தொடங்குவார்.

எல்லாவற்றையும் மறைத்தாலும் பதற்றம் வராது. திரில்லர் படங்களுக்குப் பெயர்பெற்ற இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் ஒரு பேட்டியில் சொன்ன மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டு உதாரணம் இங்கே அப்படியே பொருந்தும். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது குண்டு திடீரென்று வெடித்தால் பார்வையாளருக்குச் சில விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். குண்டு இருப்பது முன்பே தெரிந்துவிட்டால் அந்தச் சாதாரணப் பேச்சு முழுவதும் அவர் தவித்துக்கொண்டே இருப்பார். ஆகவே பார்ப்பவருக்கு மூன்று விஷயங்கள் தெரிந்தாக வேண்டும்: இவர் யார், ஏன் அந்த இடத்தை விட்டுப் போக முடியாது, தப்பு நடந்தால் எதை இழப்பார். இந்த மூன்றையும் முதல் 25 விநாடிக்குள் சொல்லிவிடுங்கள். குற்றவாளி, காரணம், கடைசித் திருப்பம் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம்.

நீளத்தையும் குறைக்க வேண்டும். 25 நிமிடப் படத்துக்கு 110 விநாடி மிக அதிகம், 60 முதல் 70 விநாடி போதும். முதல் 5 விநாடியில் கேள்வியின் நிழல், 25-வது விநாடிவரை மனிதரும் இடமும், 45-வது விநாடிவரை நெருக்கடி இறுகுவது, 2 விநாடி அமைதி, 12 விநாடி வேகமான ஷாட்டுகள், டைட்டில், அதன்பின் ஒரே ஒரு கடைசி ஷாட். இப்படி வெட்டிப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளுங்கள்.

வசனமே இல்லாமல் பயமுறுத்திய டிரெய்லர் ஏதாவது உண்டா? அதைப் பிரித்துச் சொல்லுங்கள்.
– வாசகி, கோயம்புத்தூர்

1979-இல் ரிட்லி ஸ்காட் இயக்கத்தில் வந்த ‘ஏலியன்’ படத்தின் டிரெய்லரைப் பாருங்கள், யூடியூபில் கிடைக்கிறது. திரில்லர் வெட்ட நினைப்பவர்கள் ஷாட் ஷாட்டாக நிறுத்திப் பார்க்க வேண்டியது அது. அதில் ஒரு வரி வசனம் கிடையாது, பின்னணியில் கதை சொல்லும் குரலும் கிடையாது.

தொடக்கம் மிக மெதுவானது. இருட்டில் கேமரா நகர்ந்துகொண்டே இருக்க, திரையின் மேற்பகுதியில் சிறு சிறு கோடுகள் தோன்றுகின்றன. அவை எழுத்துகள் என்பது உடனே புரியாது. படத்தின் பெயரே துண்டு துண்டாகத்தான் உருவாகிறது. கண் அதை நிரப்பப் பார்க்கிறது, முடியாமல் காத்திருக்கிறது. படம் தொடங்கும் முன்பே பார்வையாளரை விடை தேட வைத்தாயிற்று. பிறகு ஒரு முட்டை. அதில் விரிசல் விட்டு உள்ளிருந்து வெளிச்சம் கசிகிறது. எது வெளியே வருகிறது என்று காட்டும் முன் காட்சி மாறிவிடுகிறது.

அதன்பின் ஒலி கைப்பற்றிக்கொள்கிறது. அபாயச் சங்கு போலவும் அலறல் போலவும் ஒரு ஓசை திரும்பத் திரும்ப வருகிறது. விண்கலத்தின் தாழ்வாரங்கள், ஓடும் மனிதர்கள், மின்னி மின்னி அணையும் விளக்குகள், அதிர்ந்துபோன முகங்கள். ஷாட்டுகள் போகப்போகக் குறுகுகின்றன. முகங்கள் எதைப் பார்த்து அதிர்கின்றன என்பது கடைசிவரை வரவில்லை. அந்த உயிரை முழுதாக ஒரு ஷாட்டில்கூடக் காட்டவில்லை. முடிவில் இரைச்சல் எல்லாம் அடங்கி, “விண்வெளியில் நீங்கள் அலறினாலும் யாருக்கும் கேட்காது” என்ற பொருளில் ஒரு வாசகம் வருகிறது. இத்தனை நேரம் காதைக் கிழித்த ஒலிக்குப் பிறகு வரும் நிசப்தத்தில் அதைப் படிப்பதால்தான் அந்த வரி அப்படி உறைக்கிறது. இதே வாசகத்தை டிரெய்லரின் நடுவே, இசை ஓடும்போது போட்டிருந்தால் சாதாரண விளம்பர வரியாகப் போயிருக்கும்.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. பயத்தை விளைவில் காட்டுங்கள், காரணத்தில் வேண்டாம். ஒரே ஒலியைப் பிடித்துக்கொண்டு அதை வளருங்கள், பத்து விதமான ஒலிகளைக் கொட்டாதீர்கள். 2012-இல் வந்த ‘ப்ரொமீதியஸ்’ டிரெய்லரில் அதே அலறல் ஒலியையும், துண்டு துண்டாகத் தோன்றும் டைட்டிலையும் மறுபடி கொண்டுவந்தார்கள். 33 ஆண்டு கழித்தும் வேலை செய்தது.

இசைக்கு ஏற்ப வெட்டினாலும் பாதி வழியில் கட்டும் (ஷாட் மாறும் இடம்) பீட்டும் (இசையின் தாளத் தட்டு) விலகிப்போகின்றன. ஏன்?
– படத்தொகுப்பு மாணவர், சென்னை

கணக்குதான் காரணம். விநாடிக்கு 24 ஃபிரேம் (தனிப் படம்) ஓடும் டைம்லைனில், 1440-ஐ இசையின் பி.பி.எம்-ஆல் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண்) வகுத்தால் ஒரு பீட்டுக்கு எத்தனை ஃபிரேம் என்று கிடைக்கும். 120 பி.பி.எம் என்றால் 12 ஃபிரேம், 90 என்றால் 16, 80 என்றால் 18, 144 என்றால் 10. எல்லாம் முழு எண்கள், எனவே விலகாது. 100 பி.பி.எம் இசையை எடுத்தால் 14.4 ஃபிரேம் வரும். 14 ஃபிரேமுக்கு ஒன்றாக ஷாட்டை நறுக்கி ஒட்டிக்கொண்டே போனால், பத்துப் பீட்டில் 4 ஃபிரேம் தள்ளிப்போய்விடும். காது அதைக் கண்டுபிடித்துவிடும். நம் ஊரில் பலர் 25 ஃபிரேமில் படம்பிடிக்கிறார்கள். அப்போது 1500-ஐ வகுக்க வேண்டும். 100 பி.பி.எம்-க்கு 15 ஃபிரேம், 125-க்கு 12, 75-க்கு 20. டைம்லைன் விநாடிக்கு 23.976 ஃபிரேமா, 24 ஃபிரேமா என்பதையும் பாருங்கள். இரண்டும் கலந்தால் 2 நிமிடத்தில் ஏறத்தாழ 3 ஃபிரேம் வித்தியாசம் வரும்.

ஆனால் எல்லா கட்டையும் பீட்டில் வைக்காதீர்கள். நான்கைந்து ஷாட் அப்படி வந்ததும் அடுத்தது எப்போது மாறும் என்று மூளை கணித்துவிடுகிறது, கணித்துவிட்டால் பதற்றம் போய்விடும். பீட்டில் விழ வேண்டியது பெரும்பாலும் ஷாட்டுக்குள் நடக்கும் செயல்தான்: கதவு சாத்துவது, தலை திரும்புவது, தீக்குச்சி பற்றுவது. ஷாட் அதற்குச் சில ஃபிரேம் முன்னதாகவே தொடங்கட்டும். வேகமான பகுதியில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் 8 முதல் 12 ஃபிரேம் கொடுங்கள். 4 ஃபிரேமுக்குக் கீழே போனால் வெறும் மின்னல்தான் தெரியும், முகம் பதியாது. அந்த வேகத்தில் ஒரு ஷாட்டில் ஒரு விஷயம் மட்டும், அதுவும் திரையில் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒரு ஷாட்டில் முகம் இடது ஓரத்திலும் அடுத்ததில் கத்தி வலது ஓரத்திலும் இருந்தால், கண் அங்கே போய்ச் சேருவதற்குள் ஷாட் முடிந்துவிடும்.

எல்லா டிரெய்லரிலும் “ப்ராஆம்” என்று ஓர் இடி விழுகிறதே, அது என்ன? நாமே செய்ய முடியுமா?
– வாசகர், திருச்சி

அந்த ஓசைக்கு டிரெய்லர்காரர்கள் வைத்திருக்கும் பெயரே ‘பிராம்’தான். 2010-இல் ‘இன்செப்ஷன்’ பட டிரெய்லர்களுக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. டிராம்போன், டியூபா போன்ற தாழ்ந்த சுருதிப் பித்தளை வாத்தியங்கள், அவற்றுக்குக் கீழே சின்தசைசரின் அடிநாதம், மேலே ஓர் உலோக உரசல், பெரிய மண்டபத்தின் எதிரொலி. இவற்றை அடுக்கினால் கிடைத்துவிடும். ஆனால் எல்லோரும் பயன்படுத்தி அது இப்போது தேய்ந்துவிட்டது. உங்கள் கதையிலிருந்தே ஓர் ஒலியை எடுங்கள். நர்ஸ் கதையில் அந்த அழைப்பு மணி இருக்கிறது. அதை நான்கில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்தால் இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) இறங்கி, கோயில் மணி போலக் கனத்துவிடும். அதுவே உங்கள் இடி. முதல் தடவை சாதாரண மணியாகவும், கடைசியில் இந்த உருவத்திலும் வந்தால், காது இரண்டையும் இணைத்துக்கொள்ளும்.

இடிக்கு முன்னால் ஏறிக்கொண்டே வரும் ஓசைக்கு ‘ரைஸர்’ என்று பெயர். 4 அல்லது 8 பீட் நீளம் போதும். முடிவே இல்லாமல் ஏறுவதுபோல வேண்டுமென்றால் ஷெப்பர்ட் டோன் இருக்கிறது. ரோஜர் ஷெப்பர்ட் என்ற உளவியலாளர் 1964-இல் வெளியிட்டது. ஆக்டேவ் இடைவெளியில் பல சுருதிகளைச் சேர்த்து எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றுவார்கள். மேலே போகும் சுருதி மெல்ல அடங்கும்போது கீழே புதிதாக ஒன்று நுழையும். ‘டன்கிர்க்’ படத்தின் பின்னணி இசையில் இந்த உத்தி இருக்கிறது. அடங்குவதும் நுழைவதும் மெதுவாக நடக்காவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நடுவில் சட்டென்று சத்தம் நின்றுபோகும் இடம் ஏன் இவ்வளவு வேலை செய்கிறது?
– வாசகி, தஞ்சாவூர்

எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டு விடையைத் தராமல் நிறுத்துவதால். ரைஸர் உச்சிக்குப் போகும் முன், ஒரு பீட் முந்தி அதை வெட்ட வேண்டும். உச்சிக்குப் போய் இடி விழுந்தபின் அமைதி வந்தால் அது ஓய்வு. முன்பே வெட்டினால் அந்த இடியை இன்னும் காது எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்.

அமைதி 1.5 முதல் 3 விநாடிவரை இருக்கலாம். ஒலியை முழுப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று தோன்றும். மூச்சு, குழாயில் சொட்டும் நீர், டியூப்லைட்டின் ரீங்காரம் என்று மிகச் சிறிய ஓர் ஒலி இருக்கட்டும். அந்த இடத்தில் வசனம் வைத்தால் நான்கு சொல்லுக்கு மேல் வேண்டாம், தாழ்ந்த குரலில் வரட்டும். ஒரு டிரெய்லரில் இப்படி ஒரு முறைதான். இரண்டாவது முறை செய்தால் முதலாவதும் வீணாகும்.

ஒரு காட்சியின் கேள்விக்கு வேறொரு காட்சியின் பதிலை ஒட்டுகிறார்கள். இது ஏமாற்று இல்லையா?
– வாசகர், பாளையங்கோட்டை

படத்தொகுப்பின் அடிப்படையே அதுதான். ரஷ்யாவின் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் ஒரே முகத்தை, சூப் கிண்ணம், சவப்பெட்டியில் குழந்தை, ஒரு பெண் என்று மாற்றி மாற்றிப் படங்களுக்கு அருகே வைத்தார். பார்த்தவர்கள் அந்த முகத்திலேயே பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள். டிரெய்லரில் ஒருவர் திரும்பிப் பார்ப்பதும் அடுத்த ஷாட்டில் கதவு திறப்பதும் வெவ்வேறு நாளில் நடக்கும் காட்சிகளாக இருக்கலாம்.

ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வுக்கு 1960-இல் வந்த டிரெய்லர் இன்னும் ஒரு படி போனது. 6 நிமிடத்துக்கு மேல் நீளும் அதில், படத்தின் காட்சிகளுக்குப் பதிலாக ஹிட்ச்காக்கே நம்மை விடுதியையும் அதன் பின்னால் உள்ள வீட்டையும் சுற்றிக் காட்டுகிறார். என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்குவார், பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த அறைக்குப் போவார். கடைசியில் குளியலறைத் திரையை இழுத்ததும் ஒரு பெண் அலறுகிறாள். அங்கே இருப்பவர் அந்தக் காட்சியில் நடித்த ஜானட் லீ அல்ல, படத்தின் இன்னொரு நடிகையான வேரா மைல்ஸ். ஆனாலும் படத்தின் கடைசி ரகசியத்தை அவர் வெளியிடவில்லை, இன்ன இடத்தில் இன்னது காத்திருக்கிறது என்ற அச்சத்தைத்தான் ஏற்றினார்.

வரம்பு இங்கே இருக்கிறது: உணர்வை ஒட்டலாம், படத்தின் வகையை மாற்றக் கூடாது. மெதுவாக நகரும் குடும்பக் கதையைக் கொலைத் திரில்லர்போல வெட்டினால் முதல் காட்சியோடு தியேட்டரில் பேச்சு பரவிவிடும். தொழில்நுட்பமாக ஒன்று: இரண்டு காட்சி வசனங்களை ஒட்டும்போது பின்னணி இரைச்சல் மாறுவது காட்டிக்கொடுத்துவிடும். இரண்டுக்கும் அடியில் ஒரே அறை ஓசையை (யாரும் பேசாதபோது அறையில் கேட்கும் மெல்லிய ஒலி) தொடர்ந்து ஓடவிடுங்கள்.

நம் திரில்லர் டிரெய்லர்கள் பிரமாதமாகத் தொடங்கிப் பாதியில் பயமே இல்லாமல் போய்விடுகின்றனவே?
– வாசகர், சேலம்

ஹீரோ வந்துவிடுகிறார், அதனால்தான். ஸ்லோ மோஷனில் நடந்து வருகிறார், மேளம் முழங்குகிறது, பன்ச் வசனம் பேசுகிறார். இவரை யாராலும் எதுவும் செய்ய முடியாது என்று அந்த நொடியே முடிவாகிவிடுகிறது. அதன்பின் எத்தனை பிணம் விழுந்தாலும் நமக்கென்ன கவலை? ரசிகர்களுக்கு மாஸ் ஷாட் வேண்டும் என்ற தயாரிப்பாளரின் கட்டாயம் நியாயமானதுதான். அதற்கும் வழி உண்டு. மாஸ் ஷாட்டுகளைத் தனி கிளிம்ப்ஸாக (சிறு முன்னோட்டத் துண்டு) முன்னதாகவே வெளியிட்டுவிடலாம். டிரெய்லரிலேயே வைத்தாக வேண்டும் என்றால் ஹீரோ தோற்கும் ஒரு ஷாட்டை அதற்குப் பின்னால் வையுங்கள், முன்னால் வேண்டாம். கை நடுங்குவது, சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்குவது, தப்பான கதவைத் திறந்துவிடுவது, இதில் ஏதாவது ஒன்று போதும். பெரிய நடிகர் ஒருவர் பயப்படுவதைப் பார்ப்பதுபோலப் பார்வையாளரைப் பயமுறுத்துவது வேறில்லை.

இன்னொரு குறை, முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடிவரை இசை ஒரே உச்சத்தில் ஓடுவது. உச்சம் தெரிய வேண்டுமானால் பள்ளம் இருக்க வேண்டும்.

ஸ்டுடியோவில் அதிர்ந்த டிரெய்லர் செல்போனில் சப்பென்று இருக்கிறது. என்ன செய்வது?
– ஒலிப்பதிவாளர், ஈரோடு

செல்போன் ஸ்பீக்கரில் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் கேட்காது. உங்கள் இடி 50 ஹெர்ட்ஸில் இருந்தால் போனில் அது இல்லவே இல்லை. அந்த ஒலிக்கு லேசான சாச்சுரேஷன் (ஒலியைச் சற்றே கரகரப்பாக்கும் விளைவு) கொடுத்து 200 முதல் 400 ஹெர்ட்ஸில் அதன் மேல்நாதங்களை வரவழைத்தால், அடிநாதம் இருப்பதாகவே காது எடுத்துக்கொள்ளும்.

ஒலியின் உச்சங்களை அடக்கும் லிமிட்டரைப் போட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக உரக்க வைப்பதிலும் பயன் இல்லை. சுமார் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ்-க்கு (ஒலி மொத்தமாக எவ்வளவு உரக்க இருக்கிறது என்பதை அளக்கும் அலகு) மேல் போனால் யூடியூப் மொத்த ஒலியையும் இறக்கிவிடும். மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் நடுவே வித்தியாசத்தைக் காப்பாற்றினால்தான் இடி இடியாகக் கேட்கும். தியேட்டருக்கும் யூடியூபுக்கும் தனித்தனி மிக்ஸ் செய்யுங்கள். தியேட்டரில் திரையிட தணிக்கைச் சான்றிதழும் தேவை, அதற்கான நாட்களை முன்பே ஒதுக்கிவிடுங்கள்.

தமிழில் டைட்டில் கார்டு போடும்போது கவனிக்க வேண்டியது என்ன?
– வடிவமைப்பாளர், யாழ்ப்பாணம்

புள்ளி. மெல்லிய எழுத்தில் ஒளிவட்டமும் புகையும் சேர்த்தால் முதலில் காணாமல் போவது அதுதான், ‘க்’ எல்லாம் ‘க’ ஆகிவிடும். அடுத்தது, எழுத்து எழுத்தாகத் தோன்றும் அனிமேஷன். ‘கொ’ என்ற ஓரெழுத்தை மென்பொருள் மூன்று துண்டாக்கிக் கொம்பை ஓரிடத்திலும் காலை ஓரிடத்திலும் பறக்கவிடும். தலைப்பை முதலில் வரைவடிவமாக மாற்றி, முழு எழுத்து ஒவ்வொன்றையும் ஒரு குழுவாகக் கட்டிவிட்டு அசையுங்கள். ஒரு கார்டில் நான்கைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். வாய்விட்டு ஒன்றரை முறை படிக்கும் நேரம் திரையில் நிற்கட்டும்.

வெளியிடும் முன் டிரெய்லரைச் சோதிப்பது எப்படி?
– வாசகி, புதுச்சேரி

கதை தெரிந்த யாரிடமும் காட்டாதீர்கள், அவர்கள் விடுபட்டதை மனதிலேயே நிரப்பிக்கொள்வார்கள். கதை தெரியாத ஆறேழு பேருக்குத் தனித்தனியாக, செல்போனில், ஒரே ஒரு முறை காட்டுங்கள். “பிடித்ததா?” என்று கேட்காமல் “இதில் என்ன நடக்கப்போகிறது?” என்று கேளுங்கள். ஆளுக்கொரு ஊகம் சொல்லி, எல்லா ஊகமும் ஒரே கேள்வியைச் சுற்றி இருந்தால் டிரெய்லர் தயார். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் கதையை விட்டுக்கொடுத்துவிட்டீர்கள், கடைசி 20 விநாடியில் தேடினால் அந்த ஷாட் கிடைக்கும். “அந்தத் தாடிக்காரர் யார்?” என்பதுபோலக் கேட்டால் அது குழப்பம், பாத்திரங்களைக் குறையுங்கள்.

பிறகு ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். அடுத்து திரையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். எந்த இடத்தில் உங்கள் கவனம் வேறெங்காவது போகிறதோ அங்கே நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டியலிலும் ஒரே விநாடி வந்தால் முதலில் வெட்ட வேண்டிய இடம் அது. யூடியூபில் விளம்பரமாக ஓடப்போகிறது என்றால் முதல் 5 விநாடியைத் தனியாக ஒரு முறை சோதியுங்கள். அதற்குப் பிறகு ‘ஸ்கிப்’ பொத்தான் வந்துவிடும். தயாரிப்பு நிறுவனங்களின் லோகோக்கள் அந்த 5 விநாடியைத் தின்றுகொண்டிருந்தால், அவற்றை டைட்டிலுக்குப் பின்னால் கொண்டுபோங்கள்.